ஏழாம் தேதி வரைக்கும்

திண்டிவனம் பேருந்து நிலையத்திலிருந்து அந்தப் போன் வந்தபோது காலை ஐந்தே முக்கால் மணி. ஞாயிற்றுக்கிழமை. "அக்கா, நான் வந்துட்டேன்" என்றாள். எங்கே வந்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. பதினோரு நாளுக்கு முன்புதான் அவளையும் இன்னும் எட்டுப் பெண்களையும் ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் சேர்த்துவிட்டு வந்திருந்தேன். 2018 ஜூலை 18, புதன்கிழமை. ஆடி பிறந்து இரண்டாம் நாள். "ஆடியில அனுப்புறீங்களேம்மா" என்று அவள் அம்மா தயங்கியபோது, கம்பெனி சொன்ன தேதியை நாம் மாற்ற முடியாது என்று சமாதானம் சொல்லி அழைத்துப் போயிருந்தேன்.

"என்ன ஆச்சு? யாராச்சும் ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லக்கா."

"உடம்பு சரியில்லையா?"

"இல்லக்கா. பசிக்குதுக்கா."

இரவெல்லாம் பஸ் மாறி மாறி வந்த பசி என்று நினைத்தேன். நிலையத்துக்கு எதிரில் இட்லி வாங்கிச் சாப்பிடு, வந்துவிடுகிறேன் என்றேன். போனதும் முதலில் திட்டினேன். உன்னை நம்பி ஒரு இடத்தைக் கொடுத்தார்களே, மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டே சட்னியைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டாள். போனில் அவள் சொன்ன அந்தப் பதிலின் பொருள் எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அந்த ஒரு மாதம்தான்.

விழுப்புரம் மாவட்டத்தில் தங்கிப் படிக்கும் ஒரு திறன் பயிற்சி மையத்தில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். முதல் இரண்டு ஆண்டு ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்க்கும் வேலை. மொபிலைசர் என்பார்கள். பிறகு, பயிற்சி முடித்தவர்களை வேலையில் அமர்த்தும் வேலை. எங்கள் மையம் தீன் தயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் திட்டத்தின் கீழ் நடந்தது. 2014 செப்டம்பர் 25 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய திட்டம். தமிழ்நாட்டில் ஊரக வாழ்வாதார இயக்கம் வழியாக, மகளிர் திட்ட அலுவலகங்களைக் கொண்டு நடக்கிறது. கிராமத்து ஏழைக் குடும்பத்தில் 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்குப் பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு, சீருடை எல்லாம் இலவசம். பெண்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் திருநங்கைகளுக்கும் மிகவும் நலிந்த பழங்குடியினருக்கும் 45 வயது வரை இடம் உண்டு. சேர்க்கப்படுபவர்களில் பாதிப்பேர் பட்டியல் சாதி, பழங்குடியினராக இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. வேலைக்கான கடிதத்தைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்துவிட்டால் வேலை கொடுத்ததாகக் கணக்காகாது. சேர்ந்தவர் மூன்று மாதம் தொடர்ந்து வேலையில் இருந்தால்தான் கணக்கு. பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு எழுபது பேராவது அப்படி நிலைக்க வேண்டும். இந்த விதியை எழுதியவர் யாரோ, அவர் ஒரு நாளாவது எங்கள் மாதிரி ஊர்களில் சுற்றியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். வேலை கிடைப்பது ஒரு நாள் சமாச்சாரம். நிற்பதுதான் தொண்ணூறு நாள்.

அந்தத் தொண்ணூறு நாளுக்கு வைத்த பணம் மட்டும் மிகச் சின்னது. நான் இருந்த காலத்தில், சொந்த மாவட்டத்துக்குள் வேலை என்றால் மாதம் 1,000 ரூபாய் இரண்டு மாதத்துக்கு. மாநிலத்துக்குள் என்றால் மூன்று மாதம். வெளி மாநிலம் என்றால் ஆறு மாதம். அந்த ஆயிரமும் நான் இருந்த மையத்தில் பிள்ளைகளின் கைக்கு எப்போது போய்ச் சேரும் என்று எனக்கே தெரியாது. சம்பளச் சீட்டு வர வேண்டும், வங்கிக் கணக்கில் பெயர் எழுத்து ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும், பட்டியல் மேலே போய்த் திரும்பி வர வேண்டும். மூன்றாவது மாதத்தில் வந்தால் சீக்கிரம். பசி முதல் வாரத்தில் வருகிறது.

ஒரு கணக்கைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அந்தப் பெண் சேர்ந்தது 18-ஆம் தேதி. அந்தத் தொழிற்சாலையில் வருகைப் பதிவை 20-ஆம் தேதியோடு மூடுவார்கள். சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதி. (ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் 7-ஆம் தேதிக்குள், மற்ற இடங்களில் 10-ஆம் தேதிக்குள் கூலி கொடுக்க வேண்டும் என்பது அப்போதைய ஊதியச் சட்டம்.) ஆகவே ஆகஸ்ட் 7 அன்று அவள் கணக்கில் விழப்போவது மூன்று நாள் சம்பளம். முழுச் சம்பளம் செப்டம்பர் 7 அன்று. சேர்ந்த நாளிலிருந்து 51 நாள்.

இந்த 51 நாளில் அறை வாடகையில் அவள் பங்கு, அட்வான்ஸில் அவள் பங்கு, ஒரு பாய், ஒரு வாளி, சோப்பு, நாப்கின், போன் ரீசார்ஜ். தொழிற்சாலைக்குள் போட்டுக்கொள்ளும் செருப்பு கடித்துப் புண்ணான காலுக்கு மருந்து. வீட்டிலிருந்து கொடுத்தனுப்பியது 700 ரூபாய். அதில் 500 ரூபாயை அவள் அம்மா சுய உதவிக் குழுவில் கேட்டு வாங்கியிருந்தார்.

கேன்டீன் சாப்பாடு இருக்கிறதே என்று நானே வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இருந்தது. ஷிஃப்டுக்குப் போனால் ஒரு வேளைச் சாப்பாடு, இரண்டு டீ, ஒரு பன். அதைக்கொண்டு ஒரு நாளை ஓட்டலாம், பல பிள்ளைகள் அப்படித்தான் ஓட்டினார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கேன்டீன் இல்லை. மற்ற எல்லோரும் காத்திருக்கும் வார விடுமுறை அவளுக்குப் பட்டினி நாள். முதல் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் குடித்துப் படுத்திருக்கிறாள். அறையில் இருந்தவர்கள் சமைத்தார்கள், கூப்பிடவும் செய்தார்கள். காசு பங்கு போடாமல் எப்படிச் சாப்பிடுவது என்று வயிற்றுவலி என்றிருக்கிறாள். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள், சனிக்கிழமை இரவு, கையில் இருந்த கடைசிப் பணத்தில் பஸ் ஏறிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஏன் திண்டிவனத்தில் நின்றாள் என்பது இதுதான். "பசிக்குதுக்கா" என்றது அன்று காலைப் பசியை மட்டும் அல்ல. எங்கள் மையத்துப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே, வேலையை விட்ட காரணம் என்ற கட்டத்தில், 'விருப்பமின்மை' என்று என் கையால் எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அவள் பேசாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. அதையும் பிறகுதான் சொன்னாள். அறையில் ஆறு பேர். எல்லாம் விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர்ப் பிள்ளைகள். முதல் இரவே ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "எந்த ஊரு?" ஊர்ப் பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி. "ஊரா, காலனியா?"

வட மாவட்டங்களில் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: காலனி என்றால் பட்டியல் சாதியினர் வாழும் பகுதி, ஊர் என்றால் மற்ற சாதியினர் தெருக்கள். "பஸ் ஸ்டாப்பு பக்கத்துல" என்று பதில் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு அந்த அறையில் யார் வீட்டுக் கதை பேசினாலும் அவள் எழுந்து துணி துவைக்கப் போய்விடுவாள். அவர்கள் கூப்பிட்டும் சாப்பிடாததற்குக் காசு ஒரு காரணம். ஒரே குண்டானில் சாப்பிட்டுவிட்டு நாளைக்குத் தெரிந்து ஏதாவது பேச்சு வந்தால் என்ற பயம் இன்னொரு காரணம். மென்திறன் என்று 576 மணி நேரப் பயிற்சியில் ஒரு பகுதியை ஒதுக்கி, கைகுலுக்குவது எப்படி, நேர்காணலில் உட்காருவது எப்படி என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தோம். அந்த அறையில் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு மணி நேரம்கூடப் பேசியதில்லை. நானும் காலனியில் பிறந்தவள்தான். எனக்கே அதை வகுப்பில் எடுக்கத் தைரியம் இருக்கவில்லை.

ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்த நாட்களில் பார்த்த ஒரு பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரக்காணம் போகும் வழியில், ஏரிக்கரையை ஒட்டிய ஓர் இருளர் குடியிருப்பு. தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று வகைப்படுத்தப்பட்ட ஆறில் இருளர் ஒன்று. தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் மற்ற ஐந்து. பையனுக்குப் பதினெட்டு வயது, பத்தாவது முடித்திருந்தான். அந்தக் குடியிருப்பில் பத்தாவது வரை போனவன் அவன் ஒருவன்தான். மின் வயரிங் படிக்க அவனுக்கு ஆசை. ஒரு உடைந்த டார்ச் லைட்டைப் பிரித்து எல்.இ.டி. மாட்டியதைக் கொண்டுவந்து காட்டினான்.

முதல் தடை சாதிச் சான்று. பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் கையெழுத்து போதும். பழங்குடி என்றால் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணைக்கு ஆள் வர வேண்டும், அப்பாவிடம் சான்று இருக்கிறதா என்று கேட்பார்கள். அப்பாவின் அப்பா பாம்பு, எலி பிடித்து வாழ்ந்தவர், அவரிடம் எந்தக் காகிதம் இருக்கும்? சான்று வர ஏழு மாதம் ஆனது. அதற்குள் அவனுக்காக வைத்திருந்த ஒரு பேட்ச் முடிந்தே போனது. அடுத்த பேட்சில் சேர்த்தோம். நன்றாகப் படித்தான். சென்னைப் புறநகரில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் எலக்ட்ரீஷியனுக்கு உதவியாளாகச் சேர்ந்தான்.

எழுபதாம் நாள் வேலையை விட்டுவிட்டான்.

தை பிறந்ததும் அவன் குடும்பம் செங்கல் சூளைக்குப் போகும். அதற்கான முன்பணத்தை அவன் அப்பா மழைக்காலத்திலேயே வாங்கிவிட்டார். சூளையில் கூலி ஆளுக்கு இவ்வளவு என்று இல்லை. அறுக்கிற ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று குடும்பத்துக்குத்தான். மண் மிதித்துக் குழைக்க ஒருத்தர், கல் அறுக்க ஒருத்தர், காய்ந்ததைத் திருப்பி அடுக்க ஒருத்தர். ஒரு கை குறைந்தால் கல் குறையும். கல் குறைந்தால் முன்பணம் தீராது. தீரவில்லை என்றால் அடுத்த ஆண்டும் அதே சூளை. "அவன் போயிட்டா மண்ணு யாரும்மா மிதிக்கிறது?" என்று அவர் என்னைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே வழி தெரியாமல் கேட்டார்.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி இப்படிப்பட்ட கடனே செல்லாது. அதைச் சொல்லி விடுவிப்புச் சான்று வாங்கலாம். அதைத் தருவதும் அதே கோட்டாட்சியர் அலுவலகம்தான். சாதிச் சான்றுக்காக ஏழு மாதம் நடந்த அதே படிக்கட்டு. அந்த மனிதரிடம் நான் சட்டத்தைச் சொன்னேன். அவர் சூளைக்காரரின் பெயரைச் சொல்லவே மறுத்துவிட்டார். எழுபது நாள் என்றால் விதிப்படி அவன் வேலையில் அமர்ந்தவன் அல்ல. என் பட்டியலில் அவன் தோல்வி. இன்னும் இருபது நாள், ஓர் ஆளின் கல் கணக்குக்கு ஈடான பணம், அவ்வளவுதான் வித்தியாசம். அதைக் கொடுப்பதற்கு எந்தத் திட்டத்திலும் கட்டம் இல்லை. அதற்கப்புறம் அவனை நான் பார்க்கவில்லை. ஒரு தடவை போனேன், குடியிருப்பில் குடிசைகள் பூட்டிக் கிடந்தன.

ஒதுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் வேலைக்குத் தகுதி இல்லாமல் இருக்கிறார்கள், தகுதியை ஏற்றிவிட்டால் போதும் என்ற நம்பிக்கையில்தான் எல்லாத் திறன் திட்டங்களும் கட்டப்பட்டிருக்கின்றன. மாநில அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச் 1 அன்று தொடங்கியபோதும் நான் மகிழ்ந்தேன். கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவோ கதவுகளைக் காட்டுகிறது. ஆனால் நான் பார்த்து வேலையை விட்டு வந்தவர்களில், வேலை தெரியாமல் திரும்பியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இயந்திரத்தை இரண்டே வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். சம்பளம் வரும்வரை உயிர் வாழ்வதற்கான பணம்தான் அவர்களிடம் இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அப்பா முதல் இரண்டு மாதம் ஜிபேயில் போட்டுவிடுகிறார். நாம் அதைத் திறமை என்று எண்ணிக்கொள்கிறோம்.

முதல் சம்பளச் சீட்டு வந்த அன்று இன்னொரு சண்டை நடக்கும். பி.எஃப். என்று அடிப்படைச் சம்பளத்தில் 12 விழுக்காடு போயிருக்கும். ஈ.எஸ்.ஐ. அப்போது 1.75 விழுக்காடு, 2019 ஜூலையிலிருந்துதான் 0.75 ஆகக் குறைந்தது. "நீங்க சொன்ன சம்பளம் வரலியேக்கா, எடுத்துக்கினாங்க" என்று அழுவார்கள். நான் ஏமாற்றிவிட்டேன் என்றே சில அம்மாக்கள் நினைத்தார்கள். பிறகு பயிற்சியின் கடைசி வாரத்தில் ஒரு பழைய சம்பளச் சீட்டைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, ஒவ்வொரு வரியாகப் படிக்க வைத்தோம். பிடித்த பணம் உன் பெயரில்தான் இருக்கிறது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் இந்த அட்டையைக் காட்டி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குக் கூட்டிப்போகலாம் என்று சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். இன்னொன்று, லீவு கேட்கப் பழக்கினோம். சிரிக்காதீர்கள், இது பெரிய விஷயம். வயல் வேலையில் வளர்ந்த பிள்ளைக்கு, வர முடியாவிட்டால் வரமாட்டார்கள், அவ்வளவுதான். மேலாளர் முன்னால் நின்று "சார், பாட்டி செத்துட்டாங்க, மூணு நாள் வேணும்" என்று கேட்க அவர்களால் முடியாது. கேட்பதற்குப் பதில் வேலையையே விட்டுவிடுவார்கள். ஒருவரை மேலாளராக உட்கார வைத்து, ஒவ்வொருவரும் போய் லீவு கேட்க வேண்டும். முதல் தடவை பலருக்குக் குரலே வராது.

மூன்று மாதத்தைத் தாண்டியவர்களுக்கும் கவலை முடிவதில்லை. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-இல் தமிழ்நாடு ஒரு நல்ல சட்டம் போட்டது. ஆனால் 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தில் பழகுநர் என்பவர் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். எங்கள் பிள்ளைகளில் பலர் ஓராண்டு இங்கே பழகுநர், அடுத்த ஆண்டு அங்கே டிரெய்னி என்று சுற்றினார்கள். இருபத்து நான்கு வயதில் மூன்று சான்றிதழோடு வீட்டில் இருந்த ஒரு பையனைத் தெரியும். அவனிடம் நான்காவதாக ஒரு பயிற்சியைப் பற்றிச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

நல்லதும் நடந்திருக்கிறது. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டில் நோயுற்ற தோழிகளுக்காக ஆயிரக்கணக்கான பெண்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதில் எங்கள் மையத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். லீவு கேட்கவே பயந்தவர்கள் அவர்கள். அந்த இரவு எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைத் திறந்தது. வேலைக்கு ஆள் எடுப்பது மட்டும் போதாது, தூங்க இடமும் வேண்டும் என்று ஒரு அரசு ஒப்புக்கொண்டு, 700 கோடிக்கு மேல் செலவழித்தது எனக்குப் பெரிய ஆறுதல். அதேபோல், சேரும் நாளிலேயே ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் 51 நாள் சாப்பாட்டுப் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்றுதான் நான் கேட்பேன். ரசீது கேட்காமல், மூன்று மாதம் கழித்து அல்ல, பஸ் ஏறும்போது.

நாங்கள் செய்ய முடிந்ததைச் செய்தோம். நான்கு பேருக்கு ஒரு மூட்டை என்று அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள், எண்ணெய் கட்டிக்கொடுத்தோம். மூட்டைக்கான பணத்தை முன்பு வேலைக்குப் போன பிள்ளைகள் ஆளுக்கு நூறு, ஐம்பது என்று அனுப்பினார்கள். சேரும் தேதிக்காக மனிதவள அதிகாரிகளிடம் மல்லுக்கு நின்றேன். மாதம் பிறந்ததும் சேர்த்தால், அடுத்த மாதம் ஏழாம் தேதியே இருபது நாள் சம்பளமாவது வரும். பதினெட்டாம் தேதி சேர்த்தால் மூன்று நாள்தான். அவர்களுக்கு இது ஒரு சின்னத் தேதி மாற்றம். சிலர் ஒத்துக்கொண்டார்கள்.

திண்டிவனத்தில் இறங்கிய அந்தப் பெண் அதே ஆண்டு அக்டோபர் முதல் வாரத்தில் மறுபடி போனாள். வேறு தொழிற்சாலை, வேறு அறை, கையில் அரிசி மூட்டை. நின்றாள். இப்போது ஒரு லைனுக்கு அவள்தான் பொறுப்பு, நாற்பது பேர். நான் மையத்தை விட்டு வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன, இருந்தாலும் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளை அனுப்பும்போது அவளுக்குத்தான் போன் செய்வேன். போன மாதம் மூன்று பெண்களைப் பற்றிச் சொன்னேன். சனிக்கிழமை கிளம்பி வந்தால் ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்துக்கொண்டு திங்கட்கிழமை சேரலாம் இல்லையா என்றேன்.

"சனிக்கிழம வேணாங்க்கா" என்றாள். "ஞாயித்துக்கெழம கேன்டீன் கெடையாது. நானும் ஊருக்குப் போறேன், ரூம்ல ஆள் இருக்காது. திங்கக்கெழம விடிகாலைல நேரா கேட்டுக்கு வரச் சொல்லுங்க, நான் நிக்கிறேன். அப்புறம் வர்ற ஞாயித்துக்கெழமைலேர்ந்து ஏழாம் தேதி வரைக்கும் என்னோட சாப்பிடட்டும். எந்தத் தெருன்னு நான் யாரையும் கேக்க விடமாட்டேன், அதையும் அவங்ககிட்ட சொல்லிடுங்க."